பக்கம் ஒன்பது

தூத்துக்குடிக் கம்பெனி கேட்டது
எங்களுடைய பிராண்ட் புக்.
அப்படியொன்று எங்களிடம் இல்லை.
பெரியபட்டினம் வலம்புரி ஐஸ் கம்பெனியில் இருந்தது
நாலு வண்டி, எழுநூறு பெட்டி,
கரண்டு பில் பாக்கி,
எல்லாவற்றின் மேலும் ஒரு சங்கு.

"ஏஐகிட்ட குடு, ராத்திரிக்குள்ள எழுதித் தந்துரும்"
என்றார் முதலாளி சுலைகா.
கணக்கெழுதும் நான்
மூன்று நாள் போனும் கையுமாக அலைந்தேன்.
வண்டிக் கதவு, பெட்டி மூடி, பில் புத்தகம்,
ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு அடித்த பேனர்,
வாசல் போர்டில்
காக்கை எச்சத்துக்கு அடியில் ஒன்று.
வெயில் ஏறுமுன் ஒரு தடவை,
ஏறிய பின் ஒரு தடவை.
நிறம் சரியாக விழ வேண்டுமாம்.

பொறுமையாகத்தான் பார்த்தது.
நூற்றுப் பன்னிரண்டு படம்.
நீலத்தில் பதினோரு நீலம் என்றது.
எண்ணும் எழுத்துமாய் ஆறிலக்கத்தில்
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது.
எது அசல் என்று கேட்டது.

பெயிண்ட் கடை ரசீதுகளைப் புரட்டினேன்.
படகுக்கு அடித்து மிஞ்சியது,
தள்ளுபடியில் வந்தது,
ஒருமுறை, சொல்ல வெட்கம்,
ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியதில்
பெயிண்டர் முனியராஜ் ஒதுக்கிக்கொண்டு வந்தது.
இதை எந்தத் தலைப்பில் எழுத?

அதுவே எழுதியது:
'இந்நீலம் மன்னார் வளைகுடாவின் ஆழத்தையும்
வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் குறிக்கிறது.'
அழித்தேன்.
'காரணம்: மலிவு' என்று போட்டேன்.
சுலைகா அதை அழித்தார்.
ஆழம் திரும்பி வந்தது.

ஒன்பதாம் பக்கத்தில்தான் தகராறு.
'சங்கின் சுழி அறுபத்தெட்டில் வலம்,
நாற்பத்து நான்கில் இடம்.
கண்ணாடிப் பிம்பமே. இரண்டும் ஒரே சின்னம்.
தேவைக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.'

ஒரே சின்னமா?
இந்தக் கரையில்
மூச்சடக்கி இறங்குகிற யாரிடமாவது சொல்லிப்பார்.
ஒன்று, அன்றைக்குச் சோறு.
மற்றது கையில் கிடைத்தால்
மகளுக்கு வீடு.

முனியராஜுக்குப் போன் போட்டேன்.
தகட்டில் வெட்டிய அச்சு ஒன்றேதான்.
டிரைவர் பக்கம் அடித்துவிட்டு
கிளீனர் பக்கம் வரும்போது
புரட்டிப் போட்டிருக்கிறான்.
"வாய் பின்னால பாத்தா நல்லாவா இருக்கும்?
வண்டி போற திசையைப் பாக்கட்டுமேன்னுதான்."

பன்னிரண்டு வருஷம்.
வலது பக்கம் வலம்புரி ஓட
இடது பக்கம் இடம்புரி ஓடியிருக்கிறது,
ஒரே வண்டியில், ஒரே டீசலில்.
எனக்குத் தெரியாது, சுலைகாவுக்கும் தெரியாது.
டிரைவர் களஞ்சியம் சிரித்தான்:
"குளியாளுங்க எல்லாருக்கும் தெரியும்மா.
இபுராம்சா இடது பக்கமா வந்துதான் ஐஸ் வாங்குவாரு.
நம்ம பக்கம்னு சொல்லிக்கிட்டு."

ஏஐயிடம் விளக்கினேன்.
மன்னிப்புக் கேட்டது. உடனே திருத்தியது.
'இடம்புரி வடிவம் பிழை. எங்கும் பயன்படுத்தக் கூடாது.'
அதன் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே கச்சான் வீசி
ஷட்டரை ஆட்டிக்கொண்டிருந்தது.
முப்பது வருஷமாக இபுராம்சா
கடலிலிருந்து எடுத்து வந்தது அத்தனையும்
அந்தக் கோட்டுக்கு அடியில் கிடந்தது.

இப்போது ஒன்பதாம் பக்கம் இப்படி இருக்கிறது:
வலக் கதவில் வலம்புரி.
இடக் கதவில் இடம்புரி.
மாற்றக் கூடாது.
காரணம் என்ற கட்டத்தில்
சமநிலை, இருமை என்று ஏதோ தட்டத் தொடங்கியது.
நிறுத்தினேன்.
கட்டம் காலியாகவே போனது.

தூத்துக்குடிக்காரர் வந்தார், புரட்டினார்.
ஒன்பதைத் தாண்டிப் போய்விட்டார்.
நீலத்தைப் பற்றித்தான் கேட்டார்.
ஆழம், நம்பிக்கை என்று சொன்னார் சுலைகா.
நம்பியே சொன்னார்.

வாசலில் களஞ்சியம்
வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.
இரண்டு சங்கும்
போகாத திசையைப் பார்த்தபடி
பின்னால் போயின.